அக்கா தூக்கிய கை

அன்றைக்கு விடியும் நேரத்தில் ஏரிக்கரையில் வேன் ஏறியவர்கள்: நான், பாபு, தேவகி, மலர், பெரிய பையன்கள் நாலைந்து பேர், ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொண்ட சின்னப் பையன்கள் ஒரு கும்பல், அந்தக் கும்பலில் இஸ்திரி வண்டி ஏழுமலை அண்ணனின் மகன் வேலு. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் தண்ணீர் கேனைக் காலுக்கிடையில் இறுக்கிக்கொண்டு அக்கா. வருவதாகச் சொல்லி வராதவர் ஒருவர்தான். எங்களுக்குப் பனியன் வாங்கிக் கொடுத்த டிரஸ்டின் சார். வெளியூர் போனால் பிள்ளைகளோடு பெரியவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்று விதி போட்டவரும் அவர்தான்.

டீக்கடைக்குப் போன் வந்தது. அக்கா போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

"சார் வூட்ல கொழந்தைக்கு ஜொரமாம். மத்தியானத்துக்குள்ள கார்ல மெட்ராஸ் வந்துடறேன்றாரு. நம்மள போவச் சொல்றாரு."

"அப்ப போலாம்கா. நேரமாவுது," என்றான் பாபு.

அக்கா வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். சின்னப் பையன்களில் ஒருவன்கூடக் கடலைப் பார்த்தவன் இல்லை. இறங்குங்கடா என்று அந்த முகங்களைப் பார்த்து யாராலும் சொல்லியிருக்க முடியாது. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

அவளுடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. கோர்ட்டுக் காகிதங்களில் அது வேண்டிய மட்டும் எழுதப்பட்டுவிட்டது.

அவளைத் தெரியாதவர்களுக்கு முதலில் அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வலது கை. வகுப்பில் ஆஜர் சொல்கிற பிள்ளையின் கை மாதிரி நேராக மேலே போகும். கூடவே ஒரு சொல், "என்னுது." தப்பு என்னுடையது என்பதற்கு அவள் அவ்வளவுதான் சொல்வாள். அதற்கு மேல் காரணம் சொல்ல மாட்டாள். சிரித்துச் சமாளிக்க மாட்டாள். கை மேலே போகும், "என்னுது" என்பாள், தட்டை எதிராளியிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் நகர்வாள்.

நாங்கள் ஆடியது தட்டு ஆட்டம். இங்கிலீஷில் அல்டிமேட் ஃப்ரிஸ்பீ என்பார்கள். பக்கத்துக்கு ஏழு பேர், நடுவில் ஒரே ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. நின்ற இடத்திலிருந்து அடுத்தவருக்கு வீச வேண்டும். எதிர்ப்பக்கக் கோட்டுக்கு அப்பால் ஒருவர் பிடித்துவிட்டால் பாயின்ட். ஆணும் பெண்ணும் கலந்து ஆட வேண்டும் என்பது ஒரு விதி. இன்னொரு விதிதான் இந்தக் கதைக்கெல்லாம் காரணம்.

ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதியில் அக்கா அறை பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தாள். சீசனுக்கு வரும் வெள்ளைக்காரர்கள் சாயங்காலத்தில் காய்ந்த ஏரியில் தட்டு வீசுவார்கள். ஒருநாள் ஆள் குறைந்தபோது, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளைக் கைகாட்டிக் கூப்பிட்டிருக்கிறார்கள். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு போனவள், அதற்குப் பிறகு ஒரு சாயங்காலமும் போகாமல் இருந்ததில்லை. சீசன் முடிந்து அவர்கள் கிளம்பும்போது தட்டையும், விதிகள் அச்சடித்த நாலு காகிதங்களையும் அவளிடம் விட்டுப் போனார்கள்.

அந்தக் காகிதங்களைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. என் அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பிளஸ் ஒன் சேர்ந்திருந்தேன். அகராதியை வைத்துக்கொண்டு ஏரிக்கரைக் கருவேல நிழலில் உட்கார்ந்து வரி வரியாகச் சொன்னேன்.

"அம்பயர் கிடையாதுன்னு போட்டிருக்குக்கா. தப்பு பண்ணவங்களே சொல்லணுமாம்."

"சொல்லலன்னா?"

"அதுக்கு ஒண்ணும் போடல."

"அப்ப ஏமாத்தறவன் ஏமாத்திக்கினே இருப்பான்."

"இருப்பான். நாம தப்புன்னு சொல்லலாம். அவன் ஒத்துக்கலன்னா தட்டு திரும்ப, மொதல்ல வீசனவங்க கைக்கே போயிடும். மறுபடி ஆடணும். ஒண்ணும் பேசாம நின்னா ஒத்துக்கிட்டதா அர்த்தம்."

அக்கா அந்தப் பக்கத்தை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தாள். எட்டாவது வரை படித்தவள்தான். ஆனால் இங்கிலீஷ் வராது. "இத்த மறுபடி படி," என்றாள். மறுபடி படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

எதற்காக அந்த விதி அவளை அப்படிப் பிடித்தது என்பது பிறகு ஒரே ஒரு தடவை அவள் வாயிலிருந்து வந்தது. அவள் ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்தவள். பஞ்சாயத்து வைத்து, தப்பு யார் மேல் என்று பெரியவர்கள் முடிவு கட்டியிருக்கிறார்கள். "என்னைய யாரும் ஒரு வார்த்த கேக்கலடா," என்றாள். "கேட்டிருந்தா என் பங்கு எவ்ளோன்னு நானே சொல்லியிருப்பேன். அந்தாளு பங்க அந்தாளு சொல்லியிருக்கட்டும்."

இதைச் சொல்லிவிட்டு எழுந்து தட்டை வீசப் போய்விட்டாள்.

ஆட்டத்துக்கு வெளியேயும் அந்தக் கை சும்மா இருக்காது. அதுதான் அவளோடு பழகுவதில் இருந்த சங்கடம். விடுதியில் மிச்சமாகும் ரொட்டியைச் சமையல்காரம்மா ஒருத்தி பொட்டலம் கட்டி அக்காவிடம் தருவார். அக்கா அதை எங்களுக்குக் கொண்டுவருவாள். ஆடிக் களைத்த பசிக்கு அது அமிர்தம். ஒருநாள் விடுதி முதலாளி ரொட்டிக் கணக்கு இடிக்கிறதே என்று பொதுவாகக் கேட்டிருக்கிறார். யாரையும் பார்த்துக்கூடக் கேட்கவில்லை. அக்காவின் கை மேலே போய்விட்டது. அவளை முதலாளி திட்டியதோடு விட்டார். சமையல்காரம்மாவைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்.

அந்த அம்மா ஏரிக்கே வந்து கத்தினார். நாங்கள் எல்லோரும் தட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தோம்.

"உனுக்கு இன்னாடி. கைய தூக்கிட்டு மகராசியாட்டம் நிப்ப. இப்ப எனுக்குல்ல வேலை போச்சு. உன்ன எவன் கேட்டான்?"

"நான் என்னுதுன்னுதாங்க்கா சொன்னேன். உங்க பேர எடுக்கல."

"ரொட்டி இன்னா தானா நடந்து வந்துச்சா உன் பையில? கேக்கறவனுக்குத் தெரியாதா?"

அதற்கும் அக்கா, "அதுவும் என்னுதுதான்," என்றாள். அந்த அம்மா அவளை அருவருப்போடு பார்த்தார். அந்தப் பார்வையை நான் நெடுநாள் அநியாயம் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. தன் தப்பை ஒத்துக்கொள்கிறவர்களுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் மேலும் வெளிச்சம் விழுந்துவிடுகிறது. அதை அக்கா கடைசிவரை கணக்கில் எடுக்கவே இல்லை. அவளுக்கு அந்த அம்மாவுக்காக விடுதி விடுதியாகப் போய் வேலை கேட்கத் தெரிந்தது. வாங்கியும் கொடுத்தாள். ஆனால் அடுத்த தடவை கை தூக்காமல் இருக்கத் தெரியவில்லை.

ஆட்டம் வளர்ந்தது அவளுடைய அந்தக் குணத்தால்தான் என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் எங்கள் தெருப் பையன்கள் மட்டும் இருந்தோம். பிறகு வேங்கிக்காலிலிருந்து கவர்மென்ட் ஆபீஸ்காரர்களின் பிள்ளைகள் சைக்கிளில் வந்தார்கள். கீழ்பென்னாத்தூர்ப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஷேர் வேனில் தொங்கிக்கொண்டு வந்து இறங்கினார்கள். பெண் பிள்ளைகள் வந்ததுதான் அதிசயம். டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு பையன்களோடு ஏரியில் ஓடுவதற்கு எந்த வீட்டில் விடுவார்கள்? அக்கா வீடு வீடாகப் போவாள். "பையனுங்களும் ஆடுவானுங்க. வுழுந்தா அடிபடும். போன மாசம் ஒரு பொண்ணுக்கு மொழங்கால்ல தையல் போட்டாங்க, நான்தான் கல்லு பொறுக்காம வுட்டுட்டேன்," என்று கேட்காததையும் சொல்வாள். தேவகியின் அம்மா பிறகு எங்களிடம் சொன்னார், "தன் மேல இருக்கறதையே மறைக்காம சொல்லுது. அதுங்கிட்ட புள்ளய வுட்டா பயமில்ல."

ஒரு கட்டத்தில் ஞாயிறு சாயங்காலம் ஏரி நிறைய ஜனம். ஓரத்தில் சுண்டல் வண்டி நிற்க ஆரம்பித்தது. அப்போதுதான் டிரஸ்ட் சார் எங்களைக் கண்டுபிடித்தார். பச்சைப் பனியன் கொடுத்தார், போட்டோ எடுத்தார். நல்ல மனிதர்தான். அக்காவை "மேடம்" என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர். அவள் அதற்கு வெட்கப்பட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

கீழ்பென்னாத்தூர் டீமோடு பெரிய ஆட்டம் ஒன்று நடந்தது. கடைசிப் பாயின்ட். பாபு வீசிய தட்டை அக்கா கோட்டுக்கு அப்பால் பாய்ந்து பிடித்தாள். ஏரியே கத்தியது. தூசி அடங்குவதற்குள் கை மேலே. "என்னுது. கால் சைடு கோட்டுக்கு வெளிய பட்டுச்சு." தட்டு அவர்கள் கைக்குப் போனது, நாங்கள் தோற்றோம். பாபு தரையை உதைத்தான்.

"யாரும் பாக்கலக்கா. ஒருத்தன்கூட பாக்கல."

"நான் பாத்தேன்ல."

"நீ பாத்தா நீயே வெச்சிக்க வேண்டியதுதான? எங்கள எதுக்குத் தோக்கடிக்கற?"

ஆட்டம் முடிந்து இரண்டு டீமும் தோள்மேல் கை போட்டு வட்டமாக நிற்பது வழக்கம். அந்த வட்டத்தில் பாபு அன்றைக்கு நிற்கவில்லை. அவனுடைய இடத்தில் வேலு புகுந்து அக்காவின் இடுப்பளவு உயரத்தில் நின்றுகொண்டான். அவனுக்கு அப்போது பதினோரு வயது இருக்கும். மறுநாளிலிருந்து அவன் எல்லாவற்றுக்கும் கை தூக்க ஆரம்பித்தான். தண்ணீர் சிந்தினால் "என்னுது". தட்டு முள்ளுக்குள் போனால் "என்னுது" என்று கத்திக்கொண்டே அவன்தான் ஓடுவான். வீசியவன் போய் எடுக்க வேண்டும் என்பது எங்களுக்குள் நாங்களே போட்டுக்கொண்ட சட்டம். மற்றப் பையன்கள் வீசிவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். வேலு ஓடுவான். நாங்கள் சிரிப்போம். அக்கா சிரிக்க மாட்டாள். அவன் எடுத்துக்கொண்டு வரும்வரை பார்த்துக்கொண்டே இருப்பாள்.

சென்னைக் கடற்கரையில் நடக்கும் போட்டிக்கு எங்களையும் கூப்பிட்டபோது, ஏழுமலை அண்ணனிடம் அனுமதி கேட்க அக்காவோடு நானும் போனேன். வேங்கிக்காலில் குடியிருப்புகளுக்கு எதிரே வேப்பமரத்தடியில் அவர் வண்டி. பெட்டியில் கரி போட்டுக்கொண்டிருந்தார்.

"கடலாமே," என்றார்.

"கடலுதான் ண்ணா. கரையில ஆடுவோம்."

"இவன் கெணத்துல கூட எறங்கினதில்ல."

"தண்ணியில எறங்க வுட மாட்டேன். நான் பாத்துக்கறேன்."

அவர் ஒரு சட்டையைத் தேய்த்து மடித்து வைத்தார். பிறகு, "நீ சொன்னா சரிம்மா," என்றார். பையனுக்கு ஒரு புதுச் சட்டையை மடிப்புக் கலையாமல் காகிதத்தில் சுற்றி வேனுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

கடற்கரையில் முதல் ஆட்டத்திலேயே தேவகிக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. முதலுதவிக் கூடாரத்தில் படுக்க வைத்தார்கள். இரண்டாவது ஆட்டத்துக்குக் கூப்பிட்டபோது எங்களிடம் மலர் ஒருத்திதான் பெண். குறைந்தது இரண்டு பெண்களாவது களத்தில் இல்லாவிட்டால் ஆடாமலே தோற்றதாக எழுதிவிடுவார்கள். டிரஸ்ட் சார் இன்னும் வந்திருக்கவில்லை. பாபு அக்காவைப் பார்த்தான். நாங்கள் எல்லோருமே பார்த்தோம்.

மணலில் கவிழ்த்துப் போட்ட படகு ஒன்றின் நிழலில் சின்னப் பையன்களை உட்கார வைத்தாள். போட்டி நடத்துகிறவர்களின் மஞ்சள் பனியன் போட்ட கல்லூரிப் பையன் ஒருவன் அங்கே நின்றான்.

"தம்பி, நான் ஆடிட்டு வந்துடறேன். இந்தப் பசங்க தண்ணி பக்கம் போவக் கூடாது. பாத்துக்கிறீங்களா?"

"ஓகேக்கா. நான் இங்கதான் இருப்பேன்."

அவள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் களத்துக்குள் வந்தாள். ஆட்டத்தின் நடுவே சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்து இறங்கின. மஞ்சள் பனியன்காரனைப் பெட்டி தூக்கக் கூப்பிட்டார்கள். அவன் போனான். சின்னப் பையன்கள் எழுந்து தட்டு வீச ஆரம்பித்தார்கள். ஏரியில் அடிக்கிற காற்று வேறு, கடல் காற்று வேறு. தட்டு மேலே போய்த் திரும்பி, அலைக்கு அந்தப் பக்கம் விழுந்தது.

பிறகு அந்தப் பையன்கள் அழுதுகொண்டு சொன்னதெல்லாம் ஒன்றேதான். வேலு கையைத் தூக்கினான். "என்னுது" என்றான். ஓடினான்.

மீனவர்கள் இறங்கித் தேடினார்கள். உடல் கிடைக்கும்போது வெயில் இறங்கியிருந்தது. புதுச் சட்டை படகின் நிழலில் காகிதத்துக்குள்ளேயே இருந்தது. நனைந்துவிடும் என்று போடாமல் வைத்திருந்தான்.

ஸ்டேஷனில் அந்த அறைக்குள் அக்கா, மஞ்சள் பனியன் பையன், போட்டி நடத்தியவர்கள் இரண்டு பேர், பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதற்கு நான். டிரஸ்ட் சார் இருட்டுகிற நேரத்தில் வந்தார். கூடவே ஒரு வக்கீல் வந்தார். இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு, "பசங்களுக்கு யாரு பொறுப்பு?" என்றார்.

அக்காவின் கை மேலே போனது.

"என்னுது சார்."

சொல்லிவிட்டு அவள் செய்தது எனக்கு மட்டும்தான் புரிந்திருக்கும். கையை இறக்காமல், மஞ்சள் பனியன் பையனைப் பார்த்தாள். பிறகு போட்டிக்காரர்களைப் பார்த்தாள். பிறகு சாரைப் பார்த்தாள். ஏரியில் வட்டம் போட்டு நிற்கும்போது அப்படித்தான் செய்வோம். ஒருவர் தன் பங்கைச் சொன்னதும், மற்றவர்கள் தங்கள் பங்கைச் சொல்ல நேரம் கொடுத்துக் காத்திருப்போம். ஒருவர் ஆரம்பித்தால் போதும், மற்றக் கைகள் தானாக வரும் என்பதை அவள் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்திருந்தாள். அந்த அறையிலும் வரும் என்று நம்பி நின்றாள்.

மஞ்சள் பனியன் பையன் தரையைப் பார்த்து அழுதான். போட்டிக்காரர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்தார். சார் வாயைத் திறந்தார். வக்கீல் அவர் முழங்கையைத் தொட்டார்.

"சார் வரேன்னு சொல்லியிருந்தாரு. அவர் விதிப்படி ரெண்டு பேரு..." என்று நான் ஆரம்பித்தேன்.

"உன்ன கேட்டாங்களா? வெளிய போ," என்றார் ஒரு ஏட்டு.

இன்ஸ்பெக்டர் எழுத ஆரம்பித்தார். எங்கள் ஆட்டத்தில் பேசாமல் நின்றால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். அந்த அறையில் பேசாமல் நின்றவர்கள் எல்லோரும் தப்பித்தார்கள். பேசியவளின் பெயர் காகிதத்தில் ஏறியது.

ஏழுமலை அண்ணன் பிணவறை வாசலில் அவளைச் செருப்பால் அடித்தார். அவள் முகத்தை மறைக்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. அவர் கை ஓய்ந்து தரையில் உட்கார்ந்த பிறகு, அந்தச் செருப்பை எடுத்து அவர் கால் பக்கத்தில் வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் பெண் பிள்ளைகள் ஒருத்தியும் வரவில்லை. தேவகி படிப்பை நிறுத்திவிட்டு மாமன் வீட்டுக்குப் போனாள். கீழ்பென்னாத்தூர்ப் பையன்கள் கிரிக்கெட்டுக்குத் திரும்பினார்கள். டிரஸ்ட் எங்கள் போட்டோவை அதன் சுவரிலிருந்து எடுத்துவிட்டது என்று கேள்விப்பட்டோம். நானும் பாபுவும் இன்னும் சிலரும் கொஞ்ச காலம் வீசிப் பார்த்தோம். அக்கா கரையில் நின்று பார்ப்பாள். தட்டைத் தொட மாட்டாள். விடுதியில் அவளை வேண்டாம் என்றுவிட்டார்கள். பழைய சமையல்காரம்மா தன் புது இடத்தில் பாத்திரம் கழுவ அவளைச் சேர்த்துவிட்டார். "உன் வாய்க்கு இதான் வேலை," என்று சொல்லித்தான் சேர்த்தார்.

வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. வாய்தாவுக்கு வாய்தா சென்னைக்குப் பஸ் ஏறுவாள். நான் கல்லூரியில் இருந்தேன். முடிந்த போதெல்லாம் கூடப் போவேன். இதற்கிடையில் அவள் எப்போதோ மனுப்போட்டிருந்த அங்கன்வாடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலேயே, அவள் பிறந்த ஊருக்கு அடுத்த ஊரில். போலீஸ் விசாரணை முடிந்துதான் ஆர்டர் தருவார்கள். வழக்கு நிற்கிறவரை நிறுத்தி வைத்திருக்கிறோம், விடுதலை ஆனால் வா என்று அந்த ஆபீசில் ஒரு அம்மா நல்ல மனசோடு சொல்லியிருந்தார். அந்த வேலை கிடைத்தால் அவள் ஊருக்குத் தலை நிமிர்ந்து திரும்பலாம். வாழ்க்கையில் அவள் தனக்கென்று ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

எங்கள் வக்கீல் வயசானவர், இலவசமாக வாதாட வந்தவர். அவருக்கு நம்பிக்கை இருந்தது.

"இது நிக்காதும்மா. நீ ஒரு ஆள்கிட்ட ஒப்படைச்சிட்டுத்தான் போன. சாட்சிங்க யாரும் வர மாட்டானுங்க. ஜட்ஜ் கேக்கும்போது குற்றத்த ஒத்துக்கலன்னு மட்டும் சொல்லு. மீதிய நான் பாத்துக்கறேன்."

அந்த வாய்தாவுக்கு ஏழுமலை அண்ணனும் வந்திருந்தார். நான் பயந்தேன். அவர் கோர்ட்டு வராந்தாவில் அக்காவுக்கு எதிரே வந்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"வக்கீல் சொன்னாரு. இல்லன்னு சொல்லிடும்மா," என்றார். "நானும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உன் வேலைய கெடுத்து எனுக்கு இன்னா வரப்போவுது?"

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அங்க இருந்த பெரியவங்க யாருமே கை தூக்கல ண்ணா," என்றாள். "நானும் இல்லன்னுட்டா, வேலு ஒருத்தன்தான் ஒத்துக்கிட்டான்னு ஆயிடும்."

ஏழுமலை அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார். உள்ளே பெயரைக் கூப்பிட்டார்கள்.

கூண்டில் நின்று அவள் கை தூக்கவில்லை. அங்கே அப்படிச் செய்யக் கூடாது என்று வக்கீல் சொல்லி வைத்திருந்தார். ஜட்ஜ் கேட்டதற்கு, "ஒத்துக்கிறேங்க ஐயா," என்றாள். ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார். புரிந்துதான் சொல்கிறாயா, யாராவது சொல்லச் சொன்னார்களா என்று மறுபடி கேட்டார். அதையே மறுபடி சொன்னாள். எங்கள் வக்கீல் கையிலிருந்த கேஸ் கட்டை மூடிவிட்டு வெளியே பார்த்தார்.

கோர்ட்டு கலையும்வரை சிறை, அத்துடன் அபராதம் என்று தீர்ப்பு. சிறை என்றால் அந்த அறையிலேயே ஒரு மூலைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மற்ற வழக்குகள் நடந்தன. வண்டி மோதல், செக் வழக்கு, குடித்துவிட்டுச் சண்டை. வந்தவர்கள் எல்லோரும் இல்லை என்றார்கள். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். ஏழுமலை அண்ணன் வெளியே போய் ஒரு டீ வாங்கிவந்து, உள்ளே கொடுக்கலாமா என்று காவலரிடம் கேட்டார். கூடாது என்றார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

சாயங்காலம் ஜட்ஜ் எழுந்தார். எல்லோரும் எழுந்தோம். அக்காவும் எழுந்தாள். தண்டனை முடிந்தது, பணத்தைக் கட்டிவிட்டுப் போகலாம் என்றார் குமாஸ்தா. நானும் அக்காவும் ஏழுமலை அண்ணனும் பைகளைத் துழாவி மேஜைமேல் வைத்தோம். யாருடையது எவ்வளவு என்று பார்க்கவில்லை. குமாஸ்தா எண்ணி ரசீது எழுதினார்.

இரண்டாயிரம் ரூபாய்.